மற்றக் குழாயில் என்ன வருகிறது? பரந்தன் வெயிலில் ஓர் ஐதரசன் கலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பத்தாம் நாள் மத்தியானம் கலத்துக்குள் கிடந்த தண்ணீர் இளம்பச்சையாக மாறியிருந்தது. "பாசி பிடிச்சிட்டுது அண்ணை" என்றான் தம்பி. நானும் ஓம் என்றேன். ஆவணி வெயிலில் ஒரு வாளித் தண்ணீரை நாலு நாள் திறந்து வைத்தால் வன்னியில் பாசி பிடிக்காமல் வேறென்ன நடக்கும்? தவிர, அன்று எங்கள் இருவருடைய கண்ணும் தண்ணீரில் இல்லை, மீற்றரில் இருந்தது. முதல் நாள் 0.2 மில்லி அம்பியர் காட்டிய மின்னோட்டம் அன்று 2-ஐத் தொட்டிருந்தது. வெயிலை வாங்கித் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுக்கும் மின்வாய் எதுவும் நாள் போகப் போக இளைப்பதுதான் வழக்கம். எங்களுடையது கொழுத்துக்கொண்டு போனது. அதுவும் கிணற்றுத் தண்ணீரில்.

அன்று இரவு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்த இரண்டு நாளில் அந்தத் தலைப்போடு சேர்த்து எல்லாமே குப்பைக் கூடைக்குப் போனது. எப்படிப் போனது என்பதை விவரமாக எழுதிவைக்கிறேன். இந்தத் துறையில் வெளிவரும் கட்டுரைகளில் வென்ற மின்வாய்கள்தான் வரும். தோற்றவை மேசை லாச்சிக்குள் கிடக்கும்.

செம்மண்ணின் நிறம்

செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பொட்சைட்டு. அதில் ஹெமடைற் எனப்படும் வகைதான் எங்கள் பொருள். உடனே யாரும் தோட்டத்து மண்ணை அள்ளிக் கண்ணாடியில் பூச வேண்டாம். மண்ணில் இருப்பது களியும் மணலும் இன்னும் ஆயிரமும் கலந்த ஒன்று, அதில் மின் ஓடாது. ஆனால் பொருள் அதே பொருள்தான். மலிவு, நஞ்சில்லை, காரத் தண்ணீரில் வருடக்கணக்காகக் கிடந்தாலும் கரையாது.

1972-இல் புஜிஷிமாவும் ஹொண்டாவும் தைத்தானியம் ஈரொட்சைட்டு மின்வாயில் ஒளி விழுத்தித் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். எல்லாம் தொடங்கியது அங்கேதான். தைத்தானியம் ஈரொட்சைட்டு கல்லுமாதிரி உறுதியான பொருள். குறை என்னவென்றால், அதன் சக்தி இடைவெளி, அதாவது உள்ளே ஓர் இலத்திரனை எழுப்ப ஒளி கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த சக்தி, 3 இலத்திரன்வோல்ற்றுக்கு மேல். ஊதா கடந்த கதிரை மட்டுமே அது வாங்கும். வெயிலில் அந்தப் பங்கு நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. மிச்சம் முழுவதும் அதற்கு இருட்டு. ஹெமடைற்றின் இடைவெளி ஏறத்தாழ 2.1. ஆகவே ஊதா, நீலம், பச்சை எல்லாவற்றையும் விழுங்கி மஞ்சள் வரை வரும். கணக்குப் போட்டால் ஒரு சதுர சென்ரிமீற்றரில் 12.6 மில்லி அம்பியர் வரை கிடைக்கவேண்டும். வெயிலின் சக்தியில் 15 சதவீதத்துக்கு மேல் ஐதரசனாக மாறும் அளவு அது.

கிடைப்பதோ அதில் ஒரு சொட்டு. காரணத்தை நான் மாணவர்களுக்குக் குளத்தை வைத்துத்தான் சொல்வேன். ஒளி விழுந்ததும் பொருளுக்குள் ஓர் இலத்திரன் எழும்பும், அது இருந்த இடத்தில் ஒரு துளை மிஞ்சும். இலத்திரன் கம்பி வழியாகப் போய் மறுபக்கத்தில் ஐதரசன் செய்யவேண்டும். துளை மேற்பரப்புக்கு வந்து தண்ணீரிலிருந்து ஒட்சிசனை எடுக்கவேண்டும். ஹெமடைற்றுக்குள் ஒரு துளை போகக்கூடிய தூரம் சில நானோமீற்றர்தான். ஒளியோ நூறு நானோமீற்றர் அளவுக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. நடுக் குளத்தில் பிடித்த மீன் கரைக்கு வருமுன் செத்துப்போவதுபோல, ஆழத்தில் பிறந்த துளை வழியிலேயே இலத்திரனோடு சேர்ந்து அழிந்துவிடும். கரையோரம் பிறந்தது மட்டும் பிழைக்கும். அதனால்தான் எல்லோரும் படலத்தை மயிரிழைக் குச்சிகளாக வளர்க்கிறார்கள். குளத்தை வெட்டி வாய்க்கால்களாக்கினால் எங்கே பார்த்தாலும் கரைதானே.

நாங்களும் அப்படித்தான் வளர்த்தோம். இரும்பு குளோரைட்டும் சோடியம் நைத்திரேற்றும் கரைத்த நீரில் மின்கடத்தும் கண்ணாடித் துண்டை முகம் கீழாகச் சாய்த்து வைத்து, 95 பாகையில் ஆறு மணித்தியாலம் விட்டால் மங்கல் மஞ்சளாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். அதை 550 பாகையில் சுட்டால் சிவக்கும். பிறகு சில நிமிடம் மட்டும் 800 பாகை. அந்தச் சூட்டில்தான் கண்ணாடியின் பூச்சிலுள்ள வெள்ளீயம் படலத்துக்குள் ஊறி, மின் ஓட வழி திறக்கும். சாதாரணக் கண்ணாடி அந்தச் சூட்டைத் தாங்காது. ஒரு நிமிடம் பிந்தினாலும் பொரித்த அப்பளம்போல வளைந்து வரும். முதல் ஏழு துண்டில் நாலு அப்பளம்.

வெளியே கொண்டுபோன கதை

ஆய்வுகூட விளக்கின் கீழ், சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில், எங்கள் நல்ல துண்டுகள் சதுர சென்ரிமீற்றருக்கு 0.4 மில்லி அம்பியர் தந்தன. பெருமைப்பட ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. எனக்கு ஆசை வேறு. கூடத்துக்கு வெளியே, எங்கள் வெயிலில், எங்கள் தண்ணீரில் இது எத்தனை நாள் தாங்கும்? பரந்தனுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டுச் சீற் கூரைக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டுக் கலத்தை வைத்தோம். சோளகம் வீசிக்கொண்டிருந்த காலம். காலையில் துடைத்த கண்ணாடியில் மத்தியானத்துக்குள் செந்தூசி ஒரு விரல் கோடு இழுக்கும் அளவுக்குப் படிந்துவிடும்.

கலம் மிக எளிமை. ஒரு பக்கம் ஹெமடைற் பூசிய கண்ணாடித் துண்டு, ஒரு சதுர சென்ரிமீற்றர். மற்றப் பக்கம் நிக்கல் வலைத் துண்டு. ஹெமடைற்றால் தனித்து ஐதரசன் செய்ய முடியாது. அதன் இலத்திரன் நிற்கும் சக்தி மட்டம் அதற்கு வேண்டிய உயரத்தில் இல்லை, பின்னால் நின்று தள்ள ஒரு மின்னழுத்தம் வேண்டும். மோட்டார்சைக்கிள் பற்றறி ஒன்றிலிருந்து சீராக்கி வழியாக 1.4 வோல்ற்றுக் கொடுத்தோம். சூரியப் பலகையால் கொடுக்காமல் பற்றறியால் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. முகில் வரும்போது தள்ளுகிற அழுத்தமும் சேர்ந்து விழுந்தால், மின்வாய் ஒளிக்கு ஆடுகிறதா, பலகை ஆடுகிறதா என்று பிரிக்க முடியாது. அந்த ஒரு விசயத்தில் மட்டும் புத்தியாக நடந்துகொண்டோம்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தண்ணீரைப் பிரிக்க வேண்டிய ஆகக் குறைந்த அழுத்தம் 1.23 வோல்ற்று. 1.4 கொடுத்து அதை எடுப்பது முதலுக்கே மோசம். ஆகவே சக்தி லாபம் பற்றி அந்தக் கலத்தில் கதைக்கவே கூடாது. நாங்கள் பார்க்க வந்தது தாக்குப்பிடிக்குமா என்பதை மட்டும்.

தண்ணீர்? கூடத்தில் பாவிப்பது காய்ச்சி வடித்த நீர். கடைகளில் பற்றறித் தண்ணி என்று விற்பது. வெளியே கிணற்றுத் தண்ணீரை அள்ளி, மின் ஓடட்டும் என்று சோடியம் சல்பேற்றுக் கரைத்து ஊற்றினோம். வன்னிக் கிணறு என்றால் தெரியும்தானே. கேத்திலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு கட்டும், சவர்க்காரம் நுரைக்காது, சில இடங்களில் உவர்ப்பும் தட்டும். அதில் ஓடினால்தான் ஓட்டம் என்று எனக்கு ஒரு வீறாப்பு.

கடைசியாக ஒரு சின்ன விசயம். அப்போது அது சின்ன விசயமாகத்தான் இருந்தது. கண்ணாடியின் ஒரு விளிம்பைச் சுரண்டி, வெள்ளிப் பசை தடவி, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒற்றைச் செப்புக் கம்பியை ஒட்டி, மேலே எப்பொக்சிப் பசையை அப்பி மூடினோம். துண்டு சின்னது என்பதால் அந்த ஒட்டும் தண்ணீருக்குள்ளேயே அமிழ்ந்தது. பசை காய்ந்தபின் கண்ணாடிபோல மினுங்கியது. அதைப் பார்த்துத் திருப்திப்பட்டது நினைவிருக்கிறது.

சந்தோசமான பன்னிரண்டு நாள்

காலை ஒன்பது மணிக்கு இணைப்பைக் கொடுத்து மாலை நாலுக்குக் கழற்றுவோம். அரை மணிக்கொரு தரம் தம்பி கொப்பியில் எழுதுவான். நிக்கல் வலைக்கு மேலே கவிழ்த்த ஊசிக் குழலில் வாயு சேரும். நாலாம் நாள் அதைக் குழாயில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினோம். 'பொப்' என்றது. உயர்தரம் படித்த யாருக்கும் தெரிந்த சத்தம். ஐதரசன்தான், சந்தேகமே இல்லை.

மின்னோட்டம் ஏறிக்கொண்டே போனது. காலையில் குறைவு, பகலில் கூட, பின்னேரம் இறங்கும். வெயிலோடு சேர்ந்து ஏறி வெயிலோடு சேர்ந்து இறங்குகிறது, பிறகென்ன?

இப்போது அந்தக் கொப்பியைத் திறந்தால் எல்லாம் அதில் எழுதியே இருக்கிறது. ஆவணியில் எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி தாண்டிப் பத்து நிமிடம் அளவில். எங்கள் மின்னோட்டம் உச்சிக்கு வந்தது ஒவ்வொரு நாளும் 2 மணிக்கு. பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூட அது 12 மணிக்கு உச்சியைத் தொடவில்லை. இரண்டு மணி என்பது வெயிலின் உச்சி இல்லை, சூட்டின் உச்சி. சீற்றுக்குக் கீழே படுத்து எழும்பிய யாருக்கும் அது தெரியும். தம்பியின் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். படிக்க முடியாமல் போனது என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை.

வாயுக் கணக்கும் உதைத்தது. ஒரு மில்லி அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால், பரடேயின் கணக்குப்படி எங்கள் சூட்டில் 0.46 மில்லிலீற்றர் ஐதரசன் வரவேண்டும். பன்னிரண்டு நாளில் ஓடியது மொத்தம் 70 மில்லி அம்பியர் மணி. ஆக, 32 மில்லிலீற்றர். குழலில் சேர்ந்தது 19. மிச்சம் எங்கே என்று ஒருமுறை கேட்டுக்கொண்டோம். ஐதரசன்தானே, ஆகச் சின்ன மூலக்கூறு, எந்த இடுக்காலும் கசியும் என்று நாங்களே பதிலும் சொல்லிக்கொண்டோம். ஐதரசனோடு வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். கணக்கு வராத இடத்திலெல்லாம் கசிவு என்று எழுதிவிடலாம்.

பச்சைத் தண்ணீர் பற்றி ஏற்கெனவே சொன்னேன்.

ஐயா வந்தார்

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஐயா இருக்கிறார். எழுபது தாண்டியவர். இளவயதில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து மின் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் செய்த இடம் அது. போர் வந்து அதை நிறுத்தியது. உப்புநீரில் மின் பாய்ச்சினால் கூடவே ஐதரசனும் வரும். எங்கள் ஊருக்கு ஐதரசன் புதுச் சாமான் இல்லை என்று அவர் அடிக்கடி சொல்லுவார். நாங்கள் மேசை போட்டது அவருக்கு முதல் நாளே தெரியும். வராமல் இருந்தது, கூப்பிடவில்லை என்ற கோபத்தில். பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து கனநேரம் பார்த்தார். வலைப் பக்கம் குமிழி வந்துகொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் ஐதரசன் வருது, சரி. மற்றப் பக்கம் என்ன தம்பி வருது?"

"ஒட்சிசன் ஐயா."

"எங்கை, காட்டும் பாப்பம்."

காட்ட ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்துக்கு நாங்கள் குழாயே வைக்கவில்லை. ஒட்சிசன் எங்களுக்குத் தேவையில்லாத சாமான், காற்றோடு போகட்டும் என்று விட்டிருந்தோம். மூவருமாகக் குனிந்து சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தோம். குமிழி என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

"அங்கை உப்புத் தண்ணியிலை கறண்ட் விட்டால் இந்தப் பக்கம் ஐதரசன், அந்தப் பக்கம் குளோரின். ஒண்டு இல்லாமல் மற்றது வராது. உங்கடையிலை ஒட்சிசனும் இல்லை, குளோரின் மணமும் இல்லை. அப்ப எங்கையோ ஏதோ தின்னுப்படுது."

தம்பி என்னைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன். பச்சை என்று இரண்டு நாளாகச் சொல்லிவந்தது, வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தபோது நீலம் கலந்த பச்சை. பாசிக்கு அந்த நிறம் வராது. துரிசு கரைத்துப் பயிருக்கு அடித்த எவருக்கும் அந்த நிறம் தெரியும்.

கழற்றுமுன் ஒரு சோதனை செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. கறுப்புக் கொப்பி மட்டையால் கலத்தை மூடினேன். ஒளியால் வரும் மின்னோட்டம் என்றால் அந்தக் கணமே விழவேண்டும். ஹெமடைற்றுக்குள் இலத்திரனும் துளையும் வாழும் காலம் கண்ணிமைப்பில் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு, மட்டை வந்தபின் காத்திருக்க அவற்றுக்கு நேரமில்லை. மீற்றர் 1.7-இல் நின்றது. பத்து நிமிடம் போனபின் 1.3. கலம் ஆற ஆற அதுவும் ஆறியது. அவ்வளவுதான்.

உடலைத் திறந்து பார்த்தபோது

எப்பொக்சியின் ஒரு விளிம்பு நகக்கண் அளவுக்குக் கிளம்பியிருந்தது. பகலில் ஐம்பது பாகைக்குக் கிட்டச் சூடேறி, இரவில் ஆறி, மறுநாள் மறுபடி சூடேறி, கண்ணாடி ஓர் அளவு விரிய பசை இன்னோர் அளவு விரிய, வெயிலும் மேலிருந்து அதைத் தின்ன, அந்த விளிம்பு விட்டுவிட்டது. இடுக்கால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பசையை உடைத்துக் கம்பியை இழுத்தபோது கையில் வந்தது கம்பியே இல்லை, சீவிய பென்சில் முனை. அதைச் சுற்றிப் பச்சை மாவு. நிக்கல் வலை சாம்பல் நிறமாக இருக்கவேண்டியது, புதுச் சதக் காசுபோலச் செம்பு பூசிக் கிடந்தது.

பிறகு கணக்கு. மின்னோட்டம் செம்பைக் கரைப்பதற்கே போயிருந்தால், ஒரு மில்லி அம்பியர் மணிக்கு 1.19 மில்லிகிராம் போகவேண்டும். 70 மில்லி அம்பியர் மணிக்கு 83. கம்பியைக் கழுவி உலர்த்தி, அதே நீளப் புதுக் கம்பியோடு ஒப்பிட்டு நிறுத்தோம். குறைந்திருந்தது 76. எங்கள் ஹெமடைற்றின் பங்கு அந்த வித்தியாசத்துக்குள் எங்கோ ஒளிந்திருந்தது. காணாமல்போன ஐதரசனுக்கும் விடை வலையிலேயே இருந்தது. கரைந்த செம்பு நீந்திப்போய் வலையில் இலத்திரனை வாங்கிப் படிந்திருக்கிறது. ஐதரசனாக வேண்டிய இலத்திரன்கள் செப்புப் பூச்சாகிவிட்டன. ஒரு துளி வாயுவும் கசியவில்லை.

ஆக நடந்தது இதுதான். பற்றறி செம்பைக் கரைத்தது. செம்பு கொடுத்த இலத்திரனில் ஒரு பங்கு உண்மையான ஐதரசனைத் தந்தது. வெயிலின் வேலை கலத்தைச் சூடாக்கியது மட்டும். சூடு கூடக் கரைவு கூடியது, அதனால் மின்னோட்டம் வெயிலின் பின்னால் இரண்டு மணி பிந்தி நடந்தது. நாளுக்கு நாள் இடுக்கு அகல, கம்பி கூடக் கூடத் திறபட, எண்ணும் ஏறியது. தீக்குச்சிச் சோதனை பொய் சொல்லவில்லை. ஐதரசனா என்று கேட்டோம், ஐதரசன் என்றது. தண்ணீர் பிரிந்ததா என்று அதனிடம் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டிய இடம் மற்றக் குழாய். ஐதரசன் இரண்டு பங்கு என்றால் ஒட்சிசன் ஒரு பங்கு. அந்த விகிதம் வராதவரை அங்கே தண்ணீர் பிரிகிறது என்று யாரும் சொல்லக்கூடாது.

எங்கள் கம்பி செய்ததை, சில பொருட்கள் தாமே செய்யும். கட்மியம் சல்பைட்டு ஒளியை அருமையாக வாங்கும், இடைவெளி 2.4, மட்டங்களும் ஐதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் ஏற்ற உயரத்தில். ஆனால் அதில் பிறக்கும் துளை தண்ணீரைத் தொடுமுன் தன் சொந்தச் சல்பைட்டையே தின்னும். தண்ணீருக்குள் போட்டு வெயிலில் வைத்தால் மின்வாயே மெல்லக் கரையும், மறுபக்கம் ஐதரசன் வந்துகொண்டிருக்கும். குப்புரசு ஒட்சைட்டுக்கும் ஏறத்தாழ இதே நோய், வேறு வழியால். அதனால்தான் ஆய்வாளர்கள் சில நானோமீற்றர் தடிப்பில் தைத்தானியம் ஈரொட்சைட்டுப் போர்வை போர்த்துவதும், துளையை உடனே வாங்கிக்கொள்ள மேலே ஊக்கி பூசுவதும். இந்தத் துறையில் பாதி வேலை ஒளியைப் பிடிப்பது, மற்றப் பாதி, பிடித்த பொருள் கரையாமல் பார்ப்பது.

திருத்திய கலம்

செம்பைத் தண்ணீரிலிருந்து அப்புறப்படுத்தினோம். இப்போது கலம் ஒரு பக்கம் துளையுள்ள பெட்டி. துளையைச் சுற்றி இறப்பர் வளையம், அதன்மேல் கண்ணாடித் துண்டை வெளியிலிருந்து அழுத்திப் பூட்டுவது. தண்ணீர் தொடுவது படலத்தை மட்டும். ஒட்டும் கம்பியும் வெளியே காய்ந்த இடத்தில். பக்கத்தில் படலம் பூசாத வெறுங் கண்ணாடியோடு அதே மாதிரி இன்னொரு பெட்டி. அதில் மின்னோட்டம் வந்தால் அது எங்களுடைய பிழை. இரண்டு பக்கத்துக்கும் குழாய். மணிக்கொரு தரம் ஒரு நிமிடம் கறுப்பு மட்டை.

சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில், பற்றறித் தண்ணீரில், வெயிலில் 0.3 மில்லி அம்பியர் வந்தது. மட்டையை வைத்ததும் சடாரென்று பூச்சியத்துக்கு விழுந்தது, எடுத்ததும் எழும்பியது. உச்சி 12 மணிக்கு. ஒட்சிசன் குழாயில் சின்னஞ் சிறு குமிழிகள் ஏறியதைப் பார்த்துத் தம்பி கையைத் தட்டினான். கிணற்றுத் தண்ணீரிலோ 0.05. நாலாம் நாள் அதுவும் இல்லை. வலையில் கேத்தில் அடியைப்போல வெள்ளைச் சுண்ணாம்பு. ஐதரசன் வெளிவரும் இடத்தில் தண்ணீர் காரமாகும், காரமானால் கல்சியமும் மக்னீசியமும் அங்கேயே படியும். அதோடு என் கிணற்று வீறாப்பும் படிந்தது. பழைய கலத்தின் முதல் நாள் 0.2-இலேயே முக்கால்வாசி செம்புதான் என்பதும் அப்போது தெளிந்தது.

0.3 என்றால் என்ன என்று ஐயா கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சதுர மீற்றர் பலகை, நாளுக்கு ஆறு மணி நல்ல வெயில். ஏறத்தாழ எட்டு லீற்றர் ஐதரசன். ஒரு கிலோ ஐதரசன் என்பது எங்கள் சூட்டில் 12,000 லீற்றருக்கு மேல். நாலு வருடம். அதுவும் பற்றறி தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். "நாலு வருசத்திலை ஒரு மாமரம் காய்க்கும்" என்றார். பதில் சொல்லவில்லை.

தண்ணீரின் அளவு இதில் பிரச்சினையே இல்லை. ஒரு கிலோ ஐதரசனுக்கு ஒன்பது லீற்றர் போதும், கிட்டத்தட்ட ஒரு வாளி. தண்ணீரின் தரம்தான் பிரச்சினை. வவுனியாப் பக்கம் பல ஊர்களில் குடிக்கவே ஆர்.ஓ. தண்ணீர் வாங்கும் நிலை, மின்வாய் மட்டும் எப்படிக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும்?

வெளியுலகில்

ஜப்பானில் டோமென் குழுவினர் 2021-இல் 100 சதுர மீற்றரில் பலகைகள் விரித்துக் காட்டினார்கள். அலுமினியம் கலந்த ஸ்ட்ரொன்சியம் தைத்தனேற்றுத் தூள், பற்றறி இல்லை, கம்பி இல்லை, வெயிலும் தண்ணீரும் மட்டும். வினைத்திறன் ஆகக் கூடியது 0.76 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்து உதடு பிதுக்கியவர்கள் உண்டு. நானும் ஒருகாலத்தில் பிதுக்கியவன்தான். இப்போது அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது, இரண்டு வாயுவும் இரண்டுக்கு ஒன்றாக வந்ததும், வெடிக்கக்கூடிய அந்தக் கலவையை மென்படலத்தால் பிரித்து ஐதரசனை எடுத்ததும். 2023-இல் மிச்சிகனில் இந்தியம் கலியம் நைத்திரைட்டில், குவித்த ஒளியில், 9.2 சதவீதம் காட்டினார்கள். பொருள் விலை கூடியது, பரப்புச் சின்னது. ஆனால் அங்கே ஒரு நுட்பம் எங்களுக்குப் பயன்படும். வெயிலின் சூட்டை அவர்கள் விரட்டவில்லை. கலத்தை 70 பாகையில் வைத்து, ஐதரசனும் ஒட்சிசனும் திரும்பச் சேர்வதைக் குறைத்தார்கள். எங்களை ஏமாற்றிய அதே சூடு.

நேராகவே சொல்கிறேன். இன்று ஒருவர் வன்னியில் ஐதரசன் செய்ய வேண்டுமென்று வந்தால், கூரையில் சூரியப் பலகை போட்டு, பக்கத்தில் மின்பகுப்புப் பொறி வையுங்கள் என்றுதான் சொல்வேன். பலகை 20 சதவீதம், பொறி அதில் மூன்றில் இரண்டு, மொத்தம் 13 அளவில் வந்துவிடும். தண்ணீருக்குள் கிடக்கும் எந்த மலிவான ஒட்சைட்டும் அதற்குக் கிட்டவும் இல்லை. அப்ப ஏன் இந்த வேலை என்றால், பலகையும் பொறியும் வாங்கும் சாமான்கள், இந்தப் படலம் நாங்களே செய்யக்கூடியது. கொக்கிளாய்க் கரையில் நின்று பார்த்தால் மணல் கறுத்திருக்கும். அங்கிருந்து புல்மோட்டை வரை கிடக்கும் இல்மனைற்று அது, இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனோடு சேர்ந்த கனியம். இந்தக் கட்டுரையில் வந்த இரண்டு முக்கிய உலோகமும் ஒரே கைப்பிடிக்குள். பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. தோண்டச் சொல்லவில்லை, அந்தக் கரையில் மீன்பிடிக்கிறவர்களிடம் போய் அதைக் கதைக்க எனக்குத் துணிவும் இல்லை. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்திலும் நாலு பேர் இருக்கட்டும் என்பதுதான்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் மேசையை உள்ளே எடுத்துவிட்டோம். தைக்குப் பிறகு மறுபடி போடுவோம். இம்முறை படலத்தின்மேல் கோபாற்று பொசுபேற்று ஊக்கி பூசி, தள்ளும் அழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்கிற எண்ணம். செம்பு பூசிய நிக்கல் வலை என் மேசையில் தாள் பறக்காமல் வைக்க உதவுகிறது. ஐயா போனகிழமை வந்தவர், மழையென்று தெரிந்தும் கேட்டார்: "ஒட்சிசனுக்கு வைச்ச குழாய் உடையாமல் கிடக்குதோ?"

கிடக்கிறது. கழுவி, தலைகீழாக, குசினித் தட்டில்.